எஞ்சின் மாறியது, பிறேக் மாறியதா?

"கார் என்னுடையது. எஞ்சின் என் காசில் வாங்கியது. பூட்டியதும் என் கைதான். இதிலே மற்றவர்களுக்கு என்ன வந்தது?"

இப்படிக் கேட்கும் இளைஞர்களைப் பிரித்தானியாவிலும் பிரான்சிலும் நியூசிலாந்திலும் இன்று தாராளமாகக் காணலாம். பின்புறம் முழுவதும் கதவாகத் திறக்கும் சிறிய குடும்பக் கார் ஒன்றை மலிவாக வாங்குகிறார்கள். விபத்தில் நொறுங்கிய வேறொரு காரிலிருந்து ரேர்போ பூட்டிய வலிய எஞ்சினைக் கழற்றி எடுக்கிறார்கள். வேலை முடிந்து வந்த பின்னர், மாதக்கணக்காக இரவிரவாக உழைத்து, அந்த எஞ்சினை இந்தக் காருக்குள் பொருத்துகிறார்கள். வெளியிலே பார்த்தால் சந்தைக்குப் போகும் சாதாரண கார். உள்ளேயோ அதன் பழைய வலுவிலும் இரண்டு மூன்று மடங்கு வலு.

இது வீதிப் பொலிசார் பார்க்க வேண்டிய விடயம், அறநெறிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று வாசகர் சிலர் நினைக்கலாம். ஆயினும், சற்று ஆழமாக நோக்குமிடத்து, மனிதன் தன் உடைமையையும் தன் திறமையையும் எந்த எல்லைவரை தன் விருப்பப்படி பயன்படுத்தலாம் என்ற பழைய கேள்விதான் இந்தக் கராச்சுக்குள்ளும் நிற்கிறது. அதை நிதானமாக ஆராய்வோம்.

வீணாய்ப் போன புகையின் வலிமை

முதலில் இந்த ரேர்போ என்பது யாது? எஞ்சினுக்குள் பெற்றோல் எரிந்த பின்னர், சூடான புகை குழாய் வழியாக வெளியே வீசப்படுகிறது. அப்புகையோடு எரிபொருளின் சக்தியிற் கணிசமான பங்கும் வீணாய்ப் போகிறது. சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த அல்பிரட் பூக்கி என்ற பொறியியலாளர் இந்த வீணைப் பயனாக்க வழி தேடி, 1905ஆம் ஆண்டில் அதற்கான காப்புரிமையைப் பெற்றார். வெளியேறும் புகை ஒரு சிறிய சுழலியைச் சுழற்றும். அதே அச்சிலுள்ள மற்றொரு சுழலி வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, எஞ்சினுக்குள் தள்ளும். காற்று கூடினால் அதற்கேற்ப எரிபொருளையும் கூட்டி எரிக்கலாம், வலுவும் கூடும். நிமிடத்துக்கு ஓர் இலட்சம் சுற்றுக்கும் மேலாகச் சுழலும் இச்சிறு கருவி, முதலில் கப்பல்களிலும் பெரிய டீசல் எஞ்சின்களிலும் இடம்பிடித்து, 1962இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த இரு கார் வகைகளின் மூலம் சாதாரண மக்களின் கைக்கும் வந்து சேர்ந்தது.

இன்று சிக்கனத்துக்காகவே ரேர்போவைப் பூட்டுகிறார்கள். ஒரு லீற்றர் அளவேயான மூன்று சிலிண்டர் எஞ்சினொன்றை 2012இல் போட் நிறுவனம் தன் குடும்பக் காரிற் பொருத்தியது, சிறிய எஞ்சினிலிருந்தே பெரிய எஞ்சினின் வேலையை வாங்கலாம் என்பதனாலன்றோ? எனவே ரேர்போவைக் குற்றஞ்சாட்டுவதற்கு ஒன்றுமில்லை. எறியப்படுவதிலிருந்து பயனைப் பெறுவது நல்ல வீட்டுக்காரியின் குணம்.

இந்த ஆசையிலுள்ள நன்மை

பெரியவர்களாகிய நாம் இளைஞரைக் கண்டிப்பதற்கு அவசரப்படுகிறோம். அதற்கு முன் இந்த முயற்சியிலுள்ள நன்மையையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒரு காருக்கென்று செய்யப்படாத எஞ்சினை அதற்குள் இருத்துவது இலேசான வேலையன்று. எஞ்சினைத் தாங்கும் பிடிகளைப் புதிதாக வெட்டி ஒட்ட வேண்டும். கியர்ப்பெட்டியும் கிளச்சும் அந்த வலுவைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். காற்றுக் கூடியும் எரிபொருள் கூடாவிட்டால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிப் பிஸ்ரனே உருகிப் போகும். ஆகவே இரண்டையும் அளவாகச் சேர்க்கத் தெரிய வேண்டும். தண்ணீர்க் குளிர்ச்சி, எண்ணெய், மின்கம்பிகள் என்று ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்ப யோசிக்க வேண்டும். பிழைத்தால் கழற்றி மீண்டும் தொடங்க வேண்டும். பொறுமை, கைத்திறன், கணக்கு, தோல்வியைத் தாங்கும் மனம் ஆகிய யாவும் இங்கே பயிலப்படுகின்றன. காசைக் கொடுத்துப் பளபளக்கும் புதுக்காரை வாங்கி ஊருக்குக் காட்டுகிறவனிலும், தன் கையாலே ஒன்றைச் செய்து முடித்தவனிடம் மதிக்கத்தக்க ஏதோ ஒன்று உண்டு. வேகத்தில் மகிழ்ச்சி காண்பதும் தன்னளவிற் பாவமன்று. குழந்தை ஊஞ்சலில் உயரப் போக விரும்புகிறது. அதை யாரும் தீய ஆசை என்று சொல்வதில்லை.

அப்படியாயின், பிரச்சினை எங்கே தொடங்குகிறது? ஓர் உண்மைக் கதை இதை விளக்கும்.

பிரெஞ்சுக்காரர் செய்த வேலை

பிரான்சின் றெனோ நிறுவனம் 1972இல் "றெனோ 5" என்ற சிறிய காரை வெளியிட்டது. குடும்பங்களுக்கும் கடைகண்ணிக்குப் போகிறவர்களுக்கும் உகந்த, சிக்கனமான கார். அதன் எளிய வகைகளில் ஒன்றின் எஞ்சின் 956 கனசென்ரிமீற்றர். வலு ஏறக்குறைய 45 பரிவலு. மலைப்பாதை ஓட்டப் போட்டிகளில் வெல்ல வேண்டுமென்ற ஆசையினால், அதே நிறுவனம் 1980இல் "றெனோ 5 ரேர்போ" என்ற வகையை வெளியிட்டது. அதன் எஞ்சின் 1,397 கனசென்ரிமீற்றர். வலுவோ 160 பரிவலு. மூன்று மடங்குக்கும் மேல்!

அந்தப் பொறியியலாளர்கள் எஞ்சினோடு வேறு எவற்றையெல்லாம் மாற்றினார்கள் என்பதைக் கவனியுங்கள். முன்னால் இருந்த எஞ்சினைச் சாரதியின் முதுகுக்குப் பின்னே வைத்தார்கள். அதற்காகப் பின் இருக்கையையே எடுத்துவிட்டார்கள். முன் சில்லுகளால் இழுக்கப்பட்ட காரைப் பின் சில்லுகளால் தள்ளப்படும் காராக்கினார்கள். பின் சில்லுகளை முன் சில்லுகளிலும் அகலமாக்கி, அவற்றுக்காக உடலின் இரு பக்கங்களையும் புடைக்கச் செய்தார்கள். நான்கு சில்லுகளுக்கும் வலிய வட்டுப் பிறேக்குகளைப் பூட்டினார்கள். காரின் எடையும் கூடியது. பெயரும் முகமும் பழையவை. மற்றப்படி அது ஏறக்குறைய வேறொரு காராகவே ஆகிவிட்டது. 1981இல் மொன்ரே காலோ போட்டியில் ஜோன் றக்னொற்றி என்ற சாரதி அதில் வென்றார்.

அண்மைக் காலத்திலும் இதே பாடத்தைக் காணலாம். 2020இல் ரொயோட்டா நிறுவனம் தன் யாரிஸ் என்ற சிறிய காருக்கு 250 பரிவலுவுக்கு மேற்பட்ட ரேர்போ எஞ்சினைக் கொடுத்தபோது, நான்கு சில்லுகளுக்கும் வலுவைப் பகிர்ந்து, பின்புற அடித்தளத்தைப் பெரிய கார் வகையொன்றிலிருந்து எடுத்துப் பொருத்தியது.

இதிலிருந்து நாம் அறிவதென்ன? எஞ்சினை மாற்றுகிறவன் எஞ்சினை மட்டும் மாற்றிவிட முடியாது. வலிமை கூடிய அன்றே சில்லும் பிறேக்கும் உடலும் அந்த வலிமைக்குக் கடன்பட்டுவிடுகின்றன. அந்தக் கடனைத் தீர்க்காமல் வலிமையை மட்டும் அனுபவிக்கிறவன், தீர்க்காத கடனோடு வீதியில் ஓடுகிறான். அந்தக் கடன் எப்போது, யார் மேல் வந்து விழும் என்பது அவனுக்கே தெரியாது.

பள்ளிக்கூடக் கணக்கு

இது வெறும் உவமையன்று; பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகள் படிக்கும் பௌதிகம். ஓடும் பொருளின் இயக்கசக்தி அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வேகம் இரு மடங்கானால் சக்தி நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் கார், உலர்ந்த நல்ல வீதியிற் பிறேக்கை மிதித்தபின் ஏறக்குறைய 14 மீற்றரில் நிற்குமாயின், 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது நிற்பதற்கு ஏறக்குறைய 55 மீற்றர் வேண்டும். இதற்கு மேலாக, கண் கண்டு கால் மிதிப்பதற்கு ஒரு வினாடி பிடித்தால், அந்த ஒரு வினாடிக்குள்ளேயே கார் 28 மீற்றர் ஓடிவிடும்.

பிறேக் செய்யும் வேலை, அந்தச் சக்தி முழுவதையும் சூடாக மாற்றி வெளியேற்றுவதே. 45 பரிவலுக் காருக்கென்று அளந்து செய்த பிறேக், மலைச்சரிவிலே மீண்டும் மீண்டும் பெருவேகத்தை அடக்க நேர்ந்தால் கொதித்துப் போகும். அதிலுள்ள திரவம் கொதித்தால், மிதித்த கால் வெறுமையை மிதிக்கும். முதல் நாளில் இது நடப்பதில்லை. முதல் நாளில் எல்லாம் நன்றாகவே இருக்கும். அதுதான் ஆபத்து.

"நான் மெதுவாகத்தானே ஓடுவேன்"

இங்கே அந்த இளைஞன் தரும் மறுமொழி வலிமையானது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. "வலு இருக்கிறது என்பதற்காக நான் அதைப் பயன்படுத்துவேன் என்று எப்படிச் சொல்வீர்கள்? பலசாலி எல்லாரும் அடிதடிக்காரரா? கூரிய கத்தி வைத்திருக்கும் தச்சன் கொலைகாரனா?" என்று அவன் கேட்கிறான்.

நியாயமான கேள்வி. ஆற்றல்நிலையும் செயல்நிலையும் வேறு வேறு என்று அரிஸ்டோட்டில் என்ற கிரேக்க அறிஞர் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே பிரித்துக் காட்டினார். செய்யக்கூடியவன் எல்லாம் செய்தவன் அல்லன். ஆகவே வலிமை உடைமையைக் குற்றம் என்று எவரும் தீர்க்க முடியாது.

ஆனால் தச்சனின் உவமை பாதி வழியில் நின்றுவிடுகிறது. தச்சன் தன் உளியைப் பல ஆண்டு பழகியிருக்கிறான். உளிக்குப் பிடி உண்டு, உறை உண்டு. அவன் கையும் உளியும் ஒன்றுக்கொன்று ஏற்றவை. பிடியில்லாத உளியைச் சன நெருக்கத்தில் வீசிக்கொண்டு நடப்பவனை நாம் தச்சன் என்று சொல்வதில்லை. அடக்கும் கருவிக்கும் அடக்கப்படும் வலிமைக்கும் இடையே ஒப்புரவு இல்லாதபோதே தவறு பிறக்கிறது. நாம் தேடும் எல்லைக்கோடு இதுவே. இருநூறு பரிவலு தீமையன்று. நாற்பத்தைந்து பரிவலுவுக்கான பிறேக்கோடு இருநூறு பரிவலு என்பதே தீமை.

இன்னொன்றும் உண்டு. பழைய ரேர்போ எஞ்சின்களுக்கு ஒரு குணம். மிதித்தவுடன் ஒன்றும் நடவாது. புகை பெருகிச் சுழலி வேகமெடுக்கச் சற்று நேரம் பிடிக்கும். சாரதி இன்னும் சற்று மிதிப்பான். அதன் பின் வலு முழுவதும் ஒரேயடியாகப் பாயும். அப்போது கார் வளைவின் நடுவில் நிற்கலாம். மெதுவாக ஓடுவேன் என்று தீர்மானித்தவனுக்கும் அந்தக் கணம் வரும். நல்லெண்ணம் தேவைதான், ஆனால் நல்லெண்ணம் பிறேக்கின் வேலையைச் செய்யாது. நன்மையை விரும்புவதோடு நில்லாது, அதற்குரிய வழியை அளந்து தேர்வதையே விவேகம் என்று நம் முன்னோரும் மேலைநாட்டு அறிஞரும் போற்றினார்கள்.

கேட்கப்படாத மற்றவர்கள்

"உயிர் போனால் என் உயிர்தானே" என்றும் சிலர் சொல்வர். வீதியில் இது உண்மையாவதில்லை. பக்கத்தில் இருக்கும் தங்கைக்கு அந்தக் காரின் உள்விபரம் தெரியாது. கடவையில் நிற்கும் பாதசாரி அதைச் சாதாரண கார் என்று எண்ணியே தூரத்தை மதிப்பிட்டுக் காலை வைக்கிறார். இரண்டு வருடங்களுக்குப் பின் அதை வாங்கப்போகும் ஏழைக் குடும்பத்துக்கு, ஒட்டிய பிடி எங்கே, வெட்டிய இரும்பு எங்கே என்று யார் சொல்லப் போகிறார்கள்? இவர்களில் ஒருவராவது இந்த ஆபத்துக்குச் சம்மதித்தவர் அல்லர். சம்மதியாதவன் தலையில் ஆபத்தை ஏற்றுவதற்குச் சொத்துரிமை இடங்கொடுப்பதில்லை.

வலிமை மற்றவரைத் துரத்தும் பெருமையாகவும் மாறக்கூடும். 1973இல் ஜேர்மனியில் வெளிவந்த பி.எம்.டபிள்யூ. 2002 ரேர்போ என்ற காரின் முன்புறத்தில் "ரேர்போ" என்ற சொல்லைக் கண்ணாடியிற் பார்ப்பதுபோலத் தலைகீழாக எழுதியிருந்தார்கள். முன்னே போகிறவன் தன் கண்ணாடியில் அதை நேராக வாசித்து, பயந்து வழிவிட வேண்டுமாம்! நாட்டிலே பெரும் கண்டனம் எழுந்தது. அதே காலத்தில் எண்ணெய் நெருக்கடியும் வந்துசேர, 1,672 கார்களோடு அந்த வகை நின்றுபோயிற்று.

தேர்ந்த சாரதிகளும் பெரிய நிறுவனங்களுமே அளவு தப்பிய காலமும் உண்டு. 1982இல் தொடங்கிய "குரூப் பி" என்ற போட்டிப் பிரிவில், சிறிய குடும்பக் கார்களின் பெயரையும் சாயலையும் தாங்கி, உள்ளே முற்றிலும் வேறான, பெரும் வலுவுள்ள கார்கள் ஓடின. 1986 மார்ச் 5ஆம் திகதி போர்த்துக்கலில் அத்தகைய போட்டிக் கார் ஒன்று வீதியை விட்டு விலகிப் பார்வையாளர் கூட்டத்திற் பாய்ந்தது. மூவர் இறந்தனர், முப்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். அதே ஆண்டு மே 2ஆம் திகதி கோர்சிக்காத் தீவில், பின்லாந்தைச் சேர்ந்த ஹென்றி ரொய்வொனென் என்ற சிறந்த சாரதியும் அவருடைய துணைவர் சேர்ஜியோ கிறெஸ்ரோவும் தம் காரோடு பள்ளத்தில் வீழ்ந்து, தீயில் மடிந்தனர். அவர்களுடைய லான்சியா டெல்ரா எஸ்4, ஒரு தொன்னுக்கும் குறைந்த எடையும் 450க்கு மேற்பட்ட பரிவலுவும் கொண்டது. 1987இலிருந்து அந்தப் பிரிவு உலகப் போட்டியினின்று நீக்கப்பட்டது. கைதேர்ந்தவர்களுக்கே அடக்க முடியாமற் போன ஒன்றை, அயலூர் வீதியில் அடக்கிவிடலாம் என்று நினைப்பது சரியா?

சட்டம் என்ற இரண்டாவது கண்

இதனாலேதான் பல நாடுகள் இம்மாற்றத்தை முற்றாகத் தடைசெய்யாமல், பரிசோதனைக்கு உட்படுத்தியுள்ளன. நியூசிலாந்தில் இத்தகைய பெரிய மாற்றம் செய்த காரை அதற்கென அங்கீகரிக்கப்பட்ட பரிசோதகர் பார்த்து, சான்றுத் தகடு ஒன்றைக் காரிலேயே பதிப்பார். ஜேர்மனியில் ஆபத்தை விளைவிக்கக்கூடிய மாற்றத்தைச் செய்து நிபுணரிடம் காட்டாது விட்டால், அக்கார் வீதியில் ஓடும் அனுமதியையே இழந்துவிடும். பிரித்தானியாவில் எஞ்சின் மாற்றத்தைப் பதிவுப் புத்தகத்திற் பதிய வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் உண்மையைச் சொல்ல வேண்டும்.

பலருக்கு இது வீண் தொல்லையாகத் தோன்றலாம். ஆனால் தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக முடியாது என்பது பழைய நீதி. மாதக்கணக்காக உழைத்தவன் தன் வேலையில் அன்பு வைத்துவிடுகிறான். அன்பு வைத்த கண்ணுக்கு ஒட்டின் வெடிப்புத் தெரிவதில்லை. இரண்டாவது கண் அதற்காகவே வேண்டும். காப்புறுதிக் காசைக் குறைப்பதற்காக எஞ்சின் மாற்றத்தை மறைப்பவனோ, பொறியியற் கேள்வியைப் பொய்யாக மாற்றிவிடுகிறான். விபத்தின் பின் இழப்பீடு கிடையாமல் அலையும் குடும்பமே அந்தப் பொய்யின் விலையைக் கொடுக்கும்.

தேவையும் ஆசையும்

யாழ்ப்பாணத்தவருக்கு எஞ்சினை மாற்றியமைப்பது புதிய செய்தியன்று. 1990களின் முற்பகுதியில், பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் கிடையாதபோது, நம்மவர் பழைய ஒஸ்ரின், மொரிஸ் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சிறிய போத்தலிலிருந்து சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினைத் தொடக்கி, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். புகை மண்டியது, எஞ்சின் தேய்ந்தது, வலுவும் குறைந்தது. எனினும் நோயாளியும் பிள்ளைத்தாய்ச்சியும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அந்த மெக்கானிக்குகளின் கைத்திறன் இன்றைய இளைஞனின் கைத்திறனுக்கு எள்ளளவும் குறைந்ததன்று. அங்கே திறமை தேவைக்குப் பணி செய்தது. இங்கே ஆசைக்குப் பணி செய்கிறது. ஆசைக்குப் பணி செய்வதும் குற்றமன்று. ஆனால் தேவைக்காக ஏற்கக்கூடிய ஆபத்தை விளையாட்டுக்காக ஏற்க முடியாது. பிரசவ வேதனையில் இருப்பவளை ஏற்றிக்கொண்டு பழுதான காரில் ஓடுபவனை மன்னிக்கலாம். அதே காரிற் சவாரி காட்டுகிறவனை எப்படி மன்னிப்பது?

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

ஆகவே நம் தீர்ப்பு யாது? சிறிய காருக்கு வலிய எஞ்சினைப் பூட்டுவது தன்னளவில் அறத்துக்கு மாறானதன்று. வலிமைக்கேற்ற அடக்கம், மற்றவரின் கண்ணுக்குத் திறந்து வைக்கும் நேர்மை, அதைக் கையாளும் பயிற்சி ஆகிய மூன்றும் சேர்ந்தால் அது நல்ல கைவினையே. மூன்றில் ஒன்று குறைந்தாலும், எவ்வளவு அழகாகப் பூட்டியிருந்தாலும், அது அயலவனுக்குச் செய்யும் அநீதியாகும்.

அன்பார்ந்த பெற்றோர்களே, கடல் கடந்த நாடொன்றிலுள்ள உங்கள் மகனோ மருமகனோ இத்தகைய வேலையில் இறங்கியிருந்தால், தொலைபேசியில் ஏசுவதனாற் பயனில்லை. அடுத்த முறை அவன் சொல்லாமல் விட்டுவிடுவான். அவன் வேலையை மதித்துக் கேளுங்கள்: "தம்பி, பிறேக்கை மாற்றினாயா? ரயர் அந்த வேகத்துக்கு ஏற்றதா? பரிசோதகரிடம் காட்டினாயா? காப்புறுதிக்காரருக்குச் சொன்னாயா? விற்கும்போது வாங்குகிறவருக்கு முழுவதையும் சொல்வாயா?" இந்த ஐந்துக்கும் அவன் ஆம் என்று சொன்னால் மகிழ்ச்சியோடு அவனுடன் ஒருமுறை ஏறிப் போய் வாருங்கள். ஒன்றுக்காவது தயங்கினால், அந்த ஒன்று சரியாகும்வரை காரைக் கராச்சிலேயே நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். அதற்குள் அவன் நண்பர்கள் சிரிக்கலாம், சிரித்துவிட்டுப் போகட்டும்.